பிளாக்செயின் அடைவாக்கி இடப்பெயர்ப்பு

பிளாக்செயின் அடைவாக்கி இடப்பெயர்ப்பு என்பது, தொடரேடு எனவும் அழைக்கப்படும் பிளாக்செயினிலுள்ள தரவுகளை எடுத்து ஒழுங்குபடுத்தித் தரும் மென்பொருளொன்றை, தனியொரு நிறுவனத்தின் வழங்கியைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து மாற்றி, பலர் சேர்ந்து நடத்தும் பரவலாக்கப்பட்ட தரவு மூலம் ஒன்றின் மீது இயங்கச் செய்யும் பணியாகும். நூலொன்றின் இறுதியில் உள்ள சொல்லடைவு, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டுவது போல, எந்தக் கணக்கு, எந்த ஒப்பந்தம், எந்த நிகழ்வு எங்கே பதிவாகியுள்ளது என்பதை இம்மென்பொருள் விரைவாகக் காட்டுகின்றது. இதனால் இதனை அடைவாக்கி எனலாம். நிரலாளர்களிடையே இன்டெக்சர் என்னும் பெயரே பெருவழக்காக உள்ளது.

இவ்விடப்பெயர்ப்பில் மாற்றப்படும் நிரலின் அளவு பெரும்பாலும் சிறியது. ஆனால் யாரை நம்புவது, பெறும் தரவை யார் சரிபார்ப்பது, செலவை யார் ஏற்பது ஆகிய மூன்றும் மாறிவிடுகின்றன. ஜூன் 12, 2024 அன்று தி கிராப் திட்டத்தின் இலவச வழங்கிச் சேவை நிறுத்தப்பட்டமை, இத்தகைய இடப்பெயர்ப்புகளுள் பரவலாக அறியப்பட்ட ஒன்றாகும்.

அடைவாக்கியின் தேவை

ஜூலை 30, 2015 அன்று தொடங்கப்பட்ட எத்தேரியம் போன்ற தொடரேடுகள், பரிமாற்றங்களைத் தொகுதிகளாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்கின்றன. செப்டம்பர் 15, 2022 முதல் எத்தேரியத்தில் 12 நொடிக்கு ஒரு தொகுதிக்கான இடம் உள்ளது. இது நாளொன்றுக்கு 7,200 ஆகும். இவ்வமைப்பு எழுதுவதற்கு ஏற்றது, தேடுவதற்கு ஏற்றதன்று.

ஒரு கணக்கில் இப்போது எவ்வளவு இருப்பு உள்ளது என்று ஒரு கணுவைக் கேட்டால், அது உடனே விடை தரும். ஆனால் குறித்த டோக்கனை வைத்திருப்போர் யாவர், கடந்த ஆண்டில் ஒரு சந்தையில் நடந்த மாற்றங்களின் மொத்த மதிப்பு என்ன போன்ற வினாக்களுக்கு விடையளிக்கும் ஏற்பாடு கணுவில் இல்லை. தொடக்கத் தொகுதியிலிருந்து ஒவ்வொரு நிகழ்வையும் படித்துக் கூட்டிக் கழித்தே அவ்விடைகளைப் பெறவேண்டும். இதனை ஒரு முறை செய்து, முடிவுகளைத் தரவுத்தளத்தில் சேமித்து, புதிய தொகுதிகள் வரவரப் புதுப்பித்துக் கொண்டிருப்பதே அடைவாக்கியின் பணியாகும். பணப்பைச் செயலிகள், பரிமாற்றச் சந்தைகள், கடன் வழங்கும் ஒப்பந்தங்களின் இணையத்தளங்கள் முதலியன பயனருக்குக் காட்டும் வரலாறு பெரும்பாலும் தொடரேட்டிலிருந்து நேரடியாக வருவதில்லை, அடைவாக்கியிலிருந்தே வருகின்றது. எனவே அடைவாக்கி பிழைபட்டால், தொடரேடு சரியாக இருந்தும் பயனர் காண்பது பிழையாகிவிடும்.

தரவு மூலங்களின் வகைகள்

அடைவாக்கி தனக்கு வேண்டிய மூலத்தரவைப் பின்வரும் வழிகளில் பெறலாம்.

* சொந்தக் கணு: நிரலாளரே கணு ஒன்றை நடத்துதல். இது நம்பகமானது எனினும் செலவு மிக்கது. பழைய நிலைகள் அனைத்தையும் வைத்திருக்கும் ஆவணக் கணுவுக்கு, கெத் மென்பொருளின் பழைய முறையில், 10 டெராபைட்டுக்கும் மேற்பட்ட வட்டு தேவைப்பட்டது.
* வணிக ஆர்.பி.சி. சேவை: இன்ஃபுரா, அல்கெமி போன்ற நிறுவனங்கள் தம் கணுக்களைக் கட்டணத்துக்குப் பகிர்தல். தொடங்குவது எளிது. ஆனால் ஒரு வேண்டலுக்கு 10,000 பதிவுகள் என்பது போன்ற வரம்புகள் உண்டு. வேண்டலுக்கு 2,000 தொகுதிகள் வீதம் படித்தால், 1 கோடி தொகுதிகளைப் படிக்க 5,000 வேண்டல்கள் தேவை.
* மையப்பட்ட அடைவுச் சேவை: அடைவாக்கியையே ஒரு நிறுவனம் தன் வழங்கியில் நடத்திக் கொடுத்தல்.
* பரவலாக்கப்பட்ட தரவு மூலம்: ஒருவரையொருவர் அறியாத பல இயக்குநர்கள், பிணைத்தொகை வைத்து, ஒரே தரவை வைத்திருந்து, வினவல்களுக்கு விடையளித்தல். தி கிராப் வலையமைப்பும், முன்னர் சப்ஸ்க்விட் எனப்பட்ட எஸ்.க்யூ.டி. வலையமைப்பும் இவ்வகையின.

மையப்பட்ட மூலங்களின் இடர்கள்

இடப்பெயர்ப்புக்குக் காரணமாகக் கூறப்படும் நிகழ்வுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன.

நவம்பர் 11, 2020 அன்று கெத் மென்பொருளின் பழைய பதிப்புகளில் இருந்த வழு காரணமாக, அவற்றை இயக்கிய கணுக்கள் எத்தேரியத்தின் பெரும்பான்மைத் தொடரிலிருந்து பிரிந்து போயின. இன்ஃபுரா நிறுவனத்தின் கணுக்கள் சிலவும் அவற்றுள் அடங்கும். தொடரேடு தடையின்றி இயங்கிக் கொண்டிருந்தபோதிலும், இன்ஃபுராவை நம்பியிருந்த மெட்டாமாஸ்க் பணப்பை முதலிய பல சேவைகள் பாதிக்கப்பட்டன. பைனான்சு உள்ளிட்ட சில பரிமாற்றகங்கள் எத்தேரியம் எடுப்புகளைத் தற்காலிகமாக நிறுத்தின.

மார்ச் 3, 2022 அன்று, தடைப்பட்டியல் தொடர்பான அமைவு மாற்றம் ஒன்றில் நேர்ந்த தவறினால், வெனிசுவேலா நாட்டுப் பயனர்கள் இன்ஃபுரா சேவையை அணுக முடியாமற் போயிற்று. பின்னர் அது சரிசெய்யப்பட்டது.

ஆகஸ்ட் 8, 2022 அன்று ஐக்கிய அமெரிக்காவின் நிதித்துறை, டொர்னேடோ கேஷ் என்னும் ஒப்பந்தங்களின் முகவரிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. இதையடுத்து இன்ஃபுரா, அல்கெமி ஆகியன அவ்வொப்பந்தங்கள் தொடர்பான வேண்டல்களைத் தடுத்தன. மார்ச் 21, 2025 அன்று அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தங்கள் தொடரேட்டில் இயங்கியே வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இம்மூன்றிலும் தொடரேடு நின்றுவிடவில்லை. அதனைப் படிக்கும் வழியே அடைபட்டது.

தி கிராப் இடப்பெயர்ப்பு

தி கிராப் திட்டம் யானிவ் தால், பிராண்டன் ராமிரெஸ், யானிஸ் போல்மன் ஆகியோரால் தொடங்கப்பட்டது. இதில் ஓர் அடைவின் வரையறை சப்கிராப் எனப்படுகின்றது. ஒரு சப்கிராப்பில் மூன்று கூறுகள் உள்ளன.

* எந்த ஒப்பந்தத்தை, எந்தத் தொகுதியிலிருந்து, எந்த நிகழ்வுகளுக்காகக் கவனிக்க வேண்டும் என்று கூறும் விவரக் கோப்பு.
* சேமிக்கப்படும் பொருட்களின் அமைப்பைக் கூறும் கிராப்கியூஎல் கோப்பு.
* நிகழ்வு ஒவ்வொன்றையும் பொருளாக மாற்றும் பொருத்து நிரல். இது அசெம்பிளிஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டு, வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றப்படுகின்றது.

இவற்றை இயக்கும் கிராப் நோடு என்னும் கட்டற்ற மென்பொருள் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. இது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றது. சப்கிராப்பின் கோப்புகள் ஐ.பி.எஃப்.எஸ். என்னும் கோப்பு வலையமைப்பில் வைக்கப்பட்டு, அவற்றின் ஹாஷ் மதிப்பே சப்கிராப்பின் அடையாளமாகின்றது. ஒரே ஹாஷ் மதிப்புக்கு உரிய சப்கிராப்பை எவர் இயக்கினாலும் ஒரே விடை கிடைக்கவேண்டும் என்பது இவ்வமைப்பின் அடிப்படை ஆகும்.

2019 முதல் இத்திட்டம் சப்கிராப்களைத் தன் சொந்த வழங்கிகளில் இலவசமாக இயக்கி வந்தது. யுனிஸ்வாப், ஆவே உள்ளிட்ட பெயர்பெற்ற பல ஒப்பந்தங்களின் சப்கிராப்கள் இதில் இருந்தன. டிசம்பர் 17, 2020 அன்று பரவலாக்கப்பட்ட வலையமைப்பு எத்தேரியத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் ஒப்பந்தங்கள் ஆர்பிட்ரம் என்னும் இரண்டாம் அடுக்குக்கு நகர்த்தப்பட்டன. வலையமைப்பில் அடைவாக்குநர் எனப்படும் இயக்குநர்கள் ஜி.ஆர்.டி. டோக்கனைப் பிணையாக வைத்து, சப்கிராப்களை இயக்கி, வினவல் கட்டணமும் ஊக்கத்தொகையும் பெறுகின்றனர். ஊக்கத்தொகையைப் பெற, தாம் அடைவாக்கிய தரவின் சுருக்கமான அடைவுச் சான்று ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். அது தவறென நிறுவப்பட்டால் பிணைத்தொகையின் ஒரு பகுதி வெட்டப்படும்.

இலவசச் சேவையும் வலையமைப்பும் சில ஆண்டுகள் அருகருகே இயங்கின. கட்டணமும் டோக்கனும் தேவைப்படாத இலவசச் சேவையை விட்டு நகர நிரலாளர்கள் தயங்கினர். 2023 இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, இடப்பெயர்ப்பு மூன்று படிநிலைகளில் நடைபெற்றது. முதலில் இலவசச் சேவையில் இருந்த தொடரேடுகளுக்கு வலையமைப்பில் ஆதரவு சேர்க்கப்பட்டது. மாதம் 1,00,000 வினவல்கள் இலவசம் என்னும் திட்டமும் கடன் அட்டை வழிக் கட்டணமும் கொண்டுவரப்பட்டன. அடுத்து, உரிமையாளர்கள் தம் சப்கிராப்களை நகர்த்துவதற்கான காலக்கெடு வழங்கப்பட்டது. இறுதியாக, ஜூன் 12, 2024 அன்று பழைய இணைய முகவரிகள் நிறுத்தப்பட்டன. வேறு எவரும் எடுத்து நடத்தாத சிறிய சப்கிராப்கள் விடுபட்டுப் போகாதிருக்க, அவற்றை இயக்குவதற்கென ஓர் அடைவாக்குநர் ஏற்படுத்தப்பட்டது.

பராமரிப்பவர் இருந்த சப்கிராப்களுக்கு இது சில மணிநேர வேலையாக இருந்தது. சப்கிராப்பின் நிரலை மாற்றத் தேவையில்லை. வலையமைப்பில் வெளியிட்டு, அணுக்கச் சாவி பெற்று, செயலியில் முகவரியை மாற்றினால் போதும். ஆனால் பழைய முகவரி எழுதப்பட்டு, பின்னர் கவனிப்பாரற்றுப் போன இணையத்தளங்களும் நிரல்களும் பாடநூல் எடுத்துக்காட்டுகளும் அன்றோடு செயலிழந்தன.

எஸ்.க்யூ.டி. முறை

தி கிராப் முறையில் அடைவாக்கியே வலையமைப்புக்குச் செல்கின்றது. எஸ்.க்யூ.டி. முறையில் அடைவாக்கி நிரலாளரிடமே இருக்க, அதற்குத் தரவூட்டும் மூலம் மட்டும் வலையமைப்பாகின்றது. தொகுதிகள், பரிமாற்றங்கள், நிகழ்வுப் பதிவுகள், உட்செயல் தடங்கள் ஆகியன பார்க்கே வடிவிலான கோப்புகளாகத் துண்டாடப்பட்டு, பணிக்கணுக்களில் பகிர்ந்து வைக்கப்படுகின்றன. அடைவாக்கி, தனக்கு வேண்டிய ஒப்பந்த முகவரியையும் நிகழ்வையும் கூறினால், பொருந்தும் பதிவுகள் மட்டும் வடிகட்டி அனுப்பப்படும். ஒவ்வொரு தொகுதியாகக் கேட்கும் ஆர்.பி.சி. முறையை விட இது மிக விரைவானது.

2023 இல் வெளிவந்த ஆரோஸ்க்விட் என்னும் பதிப்பில், பழைய வரலாறு வலையமைப்பின் நுழைவாயிலிலிருந்தும், அண்மைய தொகுதிகள் ஆர்.பி.சி. சேவையிலிருந்தும் பெறப்பட்டன. இதற்கு முந்தைய பதிப்பிலிருந்து மாறியோர், தமக்கு வேண்டிய தரவுப் புலங்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் கேட்குமாறு நிரலை மாற்ற வேண்டியிருந்தது.

இடப்பெயர்ப்பின் படிமுறை

1. கணக்கெடுத்தல். அடைவாக்கி எந்தெந்த ஒப்பந்தங்களை, எந்தத் தொகுதியிலிருந்து, எந்த நிகழ்வுகளுக்காகப் படிக்கின்றது என்பது பட்டியலிடப்படுகின்றது. ஒப்பந்தத்தின் முந்தைய நிலையை நேரடியாகக் கேட்கும் அழைப்புகளும், நிகழ்வுப் பதிவு விடாத உட்பரிமாற்றங்களும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். முதலாவதற்கு ஆவணக் கணுவும், இரண்டாவதற்கு உட்செயல் தடங்களும் தேவை. புதிய மூலத்தில் இவை உள்ளனவா என்பதே இடப்பெயர்ப்பு இயலுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

2. மூலத்தைத் தெரிதல். வேண்டிய தொடரேடுக்கான ஆதரவு, இறுதிநிலை எய்தாத தொகுதிகளும் கிடைக்குமா என்பது, விடைபெறும் காலம், கட்டணம், எத்தனை இயக்குநர்கள் உண்மையில் அத்தரவை வைத்துள்ளனர் என்பது ஆகியன ஒப்பிடப்படுகின்றன.

3. தரவுப் படிப்பை நிரலின் பிற பகுதியிலிருந்து பிரித்தல். மூலத்திலிருந்து வரும் பதிவைப் பொதுவான ஒரு வடிவுக்கு மாற்றும் சிறு அடுக்கு எழுதப்படுகின்றது. கணக்கிடும் நிரல் இவ்வடுக்கை மட்டுமே அறியும். இப்பிரிப்பு இருந்தால் அடுத்த இடப்பெயர்ப்பும் எளிதாகும்.

4. தனித் தரவுத்தளத்தில் மீள அடைவாக்கல். பழைய தரவுத்தளத்தின் மீது புதிய மூலத்தைத் தொடர்ந்து ஓட்டுவது தவிர்க்கப்பட வேண்டும். அவ்வாறு செய்தால், பின்னர் காணப்படும் பிழை எம்மூலத்தால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

5. இணையோட்டம். பழையதும் புதியதும் சில நாட்கள் ஒருங்கே இயக்கப்படுகின்றன.

6. ஒப்பீடு. இரண்டிலும் ஒரே தொகுதி எண்ணில் உள்ள நிலை ஒப்பிடப்படுகின்றது. ஒரே நேரத்தில் கேட்பது போதாது. இரண்டும் வெவ்வேறு தொகுதியில் நிற்கக்கூடும். கிராப்கியூஎல் வினவலில் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டுப் பழைய நிலையைக் கேட்கும் வசதி தி கிராப்பில் உள்ளது.

7. மாற்றுதல். செயலியின் முகவரி மாற்றப்பட்டு, பழைய அமைப்பு சில காலம் அணைக்கப்படாமல் வைக்கப்படுகின்றது.

8. கண்காணித்தல். அடைவு எந்தத் தொகுதி வரை வந்துள்ளது, தொடரேட்டின் முனையிலிருந்து எவ்வளவு பின்தங்கியுள்ளது, பிழை ஏதும் நேர்ந்ததா ஆகியன தொடர்ந்து அளக்கப்படுகின்றன.

சரிபார்ப்பு

பரவலாக்கப்பட்ட மூலம் என்பதாலேயே அதன் விடை சரியாகிவிடுவதில்லை. பலருள் ஒருவர் அனுப்பிய விடையே அடைவாக்கிக்கு வந்து சேர்கின்றது. தவறான பதிவைக் கண்டுபிடிப்பதை விட, விடுபட்ட பதிவைக் கண்டுபிடிப்பது கடினம். வராத ஒன்றைப் பற்றி அடைவாக்கிக்கு எந்தக் குறிப்பும் இராது. எனினும் எத்தேரியத்தின் தொகுதித் தலைப்பிலேயே இதற்கான கருவிகள் உள்ளன.

* முன்தொகுதி ஹாஷ்: ஒவ்வொரு தலைப்பிலும் முந்தைய தொகுதியின் ஹாஷ் மதிப்பு உள்ளது. இதனைத் தொடர்ந்து சோதித்தால், இடையில் தொகுதி ஏதும் விடுபடவில்லை என்று உறுதி செய்யலாம்.
* புளூம் வடிகட்டி: தலைப்பில் 2,048 பிட்டு அளவில் உள்ள இவ்வடிகட்டி, குறித்த முகவரியின் நிகழ்வு அத்தொகுதியில் இருக்கக்கூடுமா என்று கூறும். இல்லை என்று அது கூறினால் நிச்சயமாக இல்லை. இருக்கலாம் என்று கூறினால் உண்மையில் இல்லாமலும் போகலாம். எனவே, இருக்கலாம் என்று வடிகட்டி கூறியும் மூலம் ஒன்றும் அனுப்பாத தொகுதிகளை மட்டும் தனியே ஆராய்ந்தால் போதும்.
* பற்றுச்சீட்டு வேர்: ஒரு தொகுதியிலுள்ள எல்லாப் பரிமாற்றங்களின் பற்றுச்சீட்டுகளையும், அவற்றுள் அடங்கிய நிகழ்வுப் பதிவுகளையும் சேர்த்து அமைக்கப்பட்ட மெர்க்கெல் மரத்தின் வேர் தலைப்பில் உள்ளது. ஐயத்துக்குரிய தொகுதியின் பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் பெற்று இவ்வேரை மீளக் கணித்தால், ஒரு பதிவு கூட்டப்பட்டிருந்தாலும் குறைக்கப்பட்டிருந்தாலும் வெளிப்பட்டுவிடும்.

தொகுதித் தலைப்பே உண்மையானதா என்பதை, முழுக் கணு இல்லாமலும், 512 சரிபார்ப்போர் கொண்ட ஒத்திசைவுக் குழுவின் ஒப்பங்களைச் சோதிக்கும் இலகு கணு வழியாக அறியலாம். 2022 இல் வெளியான ஹீலியோஸ் இத்தகைய மென்பொருளாகும்.

இவற்றோடு, கணக்கியல் முறையிலான சோதனையும் பயன்தரும். அடைவிலுள்ள எல்லாக் கணக்குகளின் இருப்பையும் கூட்டி, அதே தொகுதியில் டோக்கன் ஒப்பந்தம் கூறும் மொத்த வழங்கலோடு ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தாவிடில், மூலத்திலோ பொருத்து நிரலிலோ பிழை உள்ளது. பழைய அடைவோடு ஒப்பிடுவது மட்டும் போதாது என்பதையும் இச்சோதனை காட்டும். பழையதில் இருந்த பிழையே புதியதிலும் இருந்தால் இரண்டும் பொருந்தி நிற்கும்.

தொகுதி மறுசீரமைவு

தொடரேட்டின் முனையிலுள்ள தொகுதிகள் சிலவேளை கைவிடப்பட்டு, வேறு தொகுதிகள் அவ்விடத்தைப் பெறுகின்றன. எத்தேரியத்தில் ஒரு தொகுதி இறுதிநிலை எய்த, வழக்கமாக 32 இடங்கள் கொண்ட இரு சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 12 நிமிடம் 48 நொடி ஆகும். அதற்குள் அடைவாக்கிய தரவு மாறக்கூடியதே. பிற தொடரேடுகளில் மறுசீரமைவு ஆழமாகவும் இருக்கலாம். பிப்ரவரி 2023 இல் பாலிகன் தொடரேட்டில் 157 தொகுதிகள் ஆழமான மறுசீரமைவு நிகழ்ந்தது.

ஒரே சேவையின் ஒரே கணுவிலிருந்து படித்தபோது, அடைவாக்கி ஒரு தொடரை மட்டுமே கண்டது. பல இயக்குநர்களிடமிருந்து படிக்கும்போது, அடுத்தடுத்த இரு விடைகள் வெவ்வேறு கிளைகளிலிருந்து வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு விடையோடும் தொகுதி எண்ணை மட்டுமன்றி ஹாஷ் மதிப்பையும் சேமித்து, முன்தொகுதி ஹாஷ் பொருந்தாவிடில் பொது மூதாதைத் தொகுதி வரை பின்சென்று, அதன்பின் எழுதியவற்றை அழித்து மீண்டும் தொடங்கும் ஏற்பாடு இன்றியமையாதது. விரைவு முக்கியமில்லாத அறிக்கைகளுக்கு, இறுதிநிலை எய்திய தொகுதிகளை மட்டும் படிப்பது எளிய தீர்வாகும்.

பொதுவாக நேரும் பிழைகள்

* முகவரியின் எழுத்துரு. ஒரு மூலம் பதினறும எண்ணைச் சிறிய எழுத்துகளிலும், மற்றொன்று பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த சரிபார்ப்பு வடிவிலும் தரலாம். ஒரே கணக்கு இரண்டாகப் பதிவாகிவிடும்.
* காலக்குறி. சில மூலங்கள் நொடியிலும், சில மில்லிநொடியிலும் தருகின்றன.
* பெரிய எண்கள். டோக்கன் தொகைகள் 256 பிட்டு முழு எண்களாகும். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் வகையில் இவற்றை வைத்தால் கடைசி இலக்கங்கள் பிசகிவிடும்.
* தொடக்கத் தொகுதி. ஒப்பந்தம் உருவான தொகுதிக்குப் பிந்தைய எண்ணைக் கொடுத்தால் முதல் பரிமாற்றங்கள் விடுபடும். மிக முந்தைய எண்ணைக் கொடுத்தால் நேரம் வீணாகும்.
* மாற்ற நிகழ்வை மட்டும் நம்புதல். எத்தேரியத்திலுள்ள டெதர் ஒப்பந்தம், புதிய டோக்கன்களை வெளியிடும்போது மாற்ற நிகழ்வைப் பதிவதில்லை. வெளியீட்டு நிகழ்வை மட்டுமே பதிகின்றது. மிகுதியாகப் பயன்படும் வெத் ஒப்பந்தமும் வைப்பு, எடுப்பு ஆகியவற்றுக்குத் தனி நிகழ்வுகளையே பதிகின்றது. இவற்றைக் கவனிக்காத அடைவில் சில கணக்குகளின் இருப்பு எதிர்மறையாகத் தோன்றும்.
* இருமுறை எழுதுதல். இணைப்பு அறுந்து மீண்டும் படிக்கும்போது, ஒரே நிகழ்வு இரண்டு முறை சேர்க்கப்படலாம். தொகுதி ஹாஷையும் பதிவு வரிசை எண்ணையும் சேர்த்து அடையாளமாகக் கொண்டால் இதனைத் தவிர்க்கலாம்.

வரலாற்றுத் தரவின் காலாவதி

ஜூலை 2025 முதல் எத்தேரியத்தின் கணு மென்பொருள்கள், செப்டம்பர் 2022 இணைப்புக்கு முந்தைய தொகுதிகளின் பரிமாற்றங்களையும் பற்றுச்சீட்டுகளையும் நீக்கிவிட இடமளிக்கின்றன. இதனால் கணு ஒன்றுக்கு 300 முதல் 500 கிகாபைட்டு வரை இடம் மிச்சமாகின்றது. தொகுதித் தலைப்புகள் நீக்கப்படுவதில்லை. 2015 முதல் 2022 வரையிலான நிகழ்வுகளைப் படிக்கும் அடைவாக்கிகள், எந்தக் கணுவும் பழைய தரவைத் தரும் என்று இனிக் கொள்ள இயலாது. ஆவணக் கோப்புகளையோ, தரவு வலையமைப்புகளையோ நாட வேண்டும். தலைப்புகள் எஞ்சியிருப்பதால், எங்கிருந்து பெற்றாலும் மேற்கூறிய முறையில் சரிபார்க்க முடியும். இம்மாற்றம் பரவலாக்கப்பட்ட மூலங்களின் தேவையை மேலும் கூட்டியுள்ளது எனலாம்.

விமர்சனங்கள்

பரவலாக்கம் என்பது ஓர் அடுக்கில் மட்டுமே நடைபெறுகின்றது என்பது முதன்மையான விமர்சனமாகும். வலையமைப்பில் பல இயக்குநர்கள் இருப்பினும், செயலிகள் பெரும்பாலும் ஒரே நிறுவனம் நடத்தும் நுழைவாயில் வழியாகவே அவர்களை அடைகின்றன. நுழைவாயில் நின்றால் வலையமைப்பு இயங்கியும் பயனில்லை. அதேபோல, இயக்குநர்கள் பலரும் சொந்தக் கணு வைக்காமல் ஒரே வணிக ஆர்.பி.சி. சேவையிலிருந்து தரவைப் பெற்றால், பல விடைகள் பொருந்துவது சான்றாகாது. ஒரே மூலத்தின் படிகளே அவை.

கட்டணம் டோக்கனில் அமைவதால் அதன் விலையேற்ற இறக்கம் செலவைப் பாதிக்கின்றது என்பது மற்றொரு விமர்சனம். கடன் அட்டை வசதிகள் இதனைப் பயனரிடமிருந்து மறைக்கின்றனவேயன்றி நீக்குவதில்லை. மேலும், பரவலாகப் பயன்படாத சப்கிராப்களை இயக்க அடைவாக்குநர்களுக்குப் போதிய ஊக்கம் இல்லை. பத்துப் பேர் பயன்படுத்தும் ஒரு செயலிக்கு, கிராப் நோடு மென்பொருளைத் தம் சொந்த வழங்கியில் நிறுவிக் கொள்வதே சிக்கனமாக இருக்கலாம். அம்மென்பொருள் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால், வலையமைப்பை விட்டு விலகுவதற்கான வழியும் திறந்தே உள்ளது. மாறாக, நிறுவனமொன்றின் தனியுரிமை நிரல்வடிவில் எழுதப்பட்ட அடைவாக்கிக்கு, அந்நிறுவனம் சேவையை நிறுத்தினால், புதிதாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவற்றையும் பார்க்க

* எத்தேரியம்
* பிளாக்செயின்
* ஸ்மார்ட் ஒப்பந்தம்
* புளூம் வடிகட்டி
* மெர்க்கெல் மரம்
* கட்டற்ற மென்பொருள்
* தரவுத்தளம்